தகரப் பெட்டிக்குள் இருந்த லண்டன் வீடுகள்

முதல் நாள், திங்கள்

பெரியம்மா சென்ற ஐப்பசியில் காலமானார். பாளையங்கோட்டை வீட்டைக் காலி செய்தபோது, பீரோவின் அடித்தட்டில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே இருந்த ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி என் பங்குக்கு வந்தது. மூடியில் பீக் ஃப்ரீன் என்ற பெயர் பாதி உரிந்த நிலையில் இன்னும் தெரிகிறது. பெரியப்பா கணக்கு எழுதிய ஆலை அதுதான்; லண்டனின் பெர்மண்ட்சி பகுதியில் 1989 வரை இயங்கியது. பெட்டிக்குள் நாற்பத்து மூன்று புகைப்படங்களும், எங்கள் அப்பாவுக்குப் பெரியப்பா எழுதி, அப்பா பத்திரமாகத் திருப்பிக் கொடுத்திருந்த நீல நிற விமானத் தபால் கடிதங்கள் பதினாறும் இருந்தன.

பெரியப்பா 1961-இல் கப்பலேறினார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் பெரியம்மாவும் போய்ச் சேர்ந்தார். 1984-இல் இருவரும் ஊர் திரும்பிவிட்டார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. இறங்கிய உடனேயே அந்த ஊர் அரசாங்கம் அவர்களுக்கு ஒரு கவுன்சில் ஃபிளாட் கொடுத்தது என்றும், ஆற்றைப் பார்த்த வீடு என்றும், சுவரெல்லாம் தானாகவே சூடாகும் என்றும் எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. நான் அதைக் கேட்டே வளர்ந்தவள். அந்த வீடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதன் வாசலில் ஒரு முறை நின்றுவிட்டு வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பயணம். டூட்டிங்கில் என் தம்பி மகள் இருக்கிறாள். ஐந்து நாள் அவள் வீட்டில்தான் ஜாகை.

கவுன்சில் ஃபிளாட் என்பது நம்மூர் ஹவுசிங் போர்டு வீட்டைப் போன்றது என்று சொல்லலாம். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு: அவற்றில் பெரும்பாலானவை விற்பனைக்கு அல்ல, வாடகைக்கே கட்டப்பட்டவை, வாடகையை வாங்குவதும் பழுது பார்ப்பதும் உள்ளாட்சி மன்றம். பல கட்டடங்கள் சேர்ந்த வளாகத்தை அங்கே எஸ்டேட் என்கிறார்கள். நமக்கோ அந்தச் சொல்லைக் கேட்டதும் தேயிலைத் தோட்டம்தான் கண்முன் வரும். லண்டனில் இவற்றைக் கட்டியவர்களில் முதன்மையானது, 1889 முதல் 1965 வரை இருந்த லண்டன் கவுண்டி கவுன்சில். எல்.சி.சி. என்ற அந்த மூன்றெழுத்தைப் பழைய சுவர்களில் இன்றும் பார்க்கலாம்.

இன்று வேறெங்கும் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் படங்களைப் பரப்பி, வீடு தெரியும் படங்களை மட்டும் தனியே எடுத்தோம். நான்கு தேறின.

முதலாவது, வெள்ளை ஓரம் விட்ட சிறிய கறுப்பு வெள்ளைப் படம். பனியில் பெரியம்மா நிற்கிறார். பின்னால் உயரமான, நேர்க்கோடுகளால் ஆன கட்டடம் ஒன்று. ஒரு பக்கம் கண்ணாடிக் கோபுரம். தொலைவில் நான்கு புகைபோக்கிகள். பின்புறத்தில் பெரியப்பாவின் கையெழுத்து: ‘நாங்கள் இருக்கும் இடம். 10-2-63.’ இரண்டாவதில், செங்கல் கட்டடத்தின் நீண்ட திறந்த தாழ்வாரத்தில் இருவரும் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தோடு நிற்கிறார்கள். பின்புறத்தில் ‘1963 கிறிஸ்துமஸ்’. மூன்றாவது, மூலைகள் வளைத்து வெட்டப்பட்ட வண்ணப்படம்: கான்கிரீட் கட்டடத்தின் அடியில் ஒரு கார், அதன் அருகே ஸ்வெட்டர் அணிந்த பெரியம்மா. நான்காவதில் ஒரு வாசற்படியும் பாதிக் கதவும் மட்டுமே உள்ளன.

“அத்தை, நீங்க அவங்க முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க. ஓரத்தைப் பாருங்க” என்றாள் தம்பி மகள். உண்மைதான். படமெடுத்தவர் முகத்தைத்தான் எடுத்தார். வீடு, படத்தின் விளிம்பில் தற்செயலாக விழுந்த பொருள். பெரியம்மாவின் முகத்தை என் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கியபோதுதான் மற்றவை ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன.

இரண்டாம் நாள், செவ்வாய்

நான்கு புகைபோக்கி என்றதும் லண்டனில் யாரும் பாட்டர்சீ மின்நிலையம் என்று சொல்லிவிடுவார்கள். அந்த அவசரம் கூடாது. செல்சியில் உள்ள லாட்ஸ் ரோடு மின்நிலையத்துக்கும் ஒரு காலத்தில் நான்கு புகைபோக்கிகள் இருந்தன. எங்கள் ஐயத்தைத் தீர்த்தது கண்ணாடிக் கோபுரம். பாட்டர்சீக்கு நேர் எதிரே, தேம்ஸின் வடகரையில், பிம்லிகோ பகுதியில் உள்ள சர்ச்சில் கார்டன்ஸ் எஸ்டேட்டில்தான் அப்படி ஒரு கோபுரம் நிற்கிறது.

காலை பத்து மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். 1946-இல் நடந்த போட்டியில், இருபதுகளின் நடுவில் இருந்த பிலிப் பவல், ஹிடால்கோ மோயா என்ற இரு இளைஞர்களின் வரைபடம் வென்று, 1962 வரை கட்டப்பட்ட வளாகம் இது. உயரமான கட்டடங்கள் ஆற்றுக்கு இணையாக நிற்காமல் ஆற்றை நோக்கிக் குறுக்கே நிற்பதால், காலை வெயில் ஒரு பக்கமும் மாலை வெயில் மறுபக்கமும் விழுகிறது. நடுவே நல்ல மரங்கள், புல்வெளிகள். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சாதாரண மக்களின் வாடகை வீட்டுக்காக இவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரும் மரியாதையை உண்டாக்கியது.

கண்ணாடிக் கோபுரத்தின் வேலை இன்னும் வியப்பானது. மின்நிலையத்தில் வீணாகும் வெப்பத்தால் சூடாக்கப்பட்ட நீரைத் தேம்ஸுக்கு அடியில் குழாய் வழியே இக்கரைக்குக் கொண்டுவந்து, சுமார் 41 மீட்டர் உயரமுள்ள இந்தக் கோபுரத்துக்குள் இருக்கும் பெரிய கலத்தில் சேமித்து, வீடுகளுக்கு அனுப்பினார்கள். மின்நிலையம் 1983-இல் முற்றிலும் மூடப்பட்டது. வேறு கொதிகலன்களின் துணையோடு அந்த வெந்நீர் ஏற்பாடு இன்றும் நடக்கிறது. சுவர் தானாகச் சூடாகும் என்ற எங்கள் குடும்பக் கதையின் வேர் இதோ கிடைத்துவிட்டது என்று எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

பிறகு படம் எடுத்த இடத்தைத் தேடினோம். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. பாட்டர்சீயின் புகைபோக்கிகள் கட்டடத்தின் நான்கு மூலைகளில் நிற்பவை. நாம் பத்தடி நகர்ந்தாலும் முன்னிரண்டும் பின்னிரண்டும் ஒன்றையொன்று மறைக்கும் விதம் மாறும். படத்தில் பின்புகைபோக்கி ஒன்று முன்னதன் தோளில் சாய்ந்தாற்போல் தெரிகிறது. அதே தோற்றம் வரும் இடத்தில் நின்றால் அதுவே படம் எடுத்த கோடு. இன்று நிற்பவை 2014-க்கும் 2017-க்கும் இடையே பழையவற்றை இடித்துவிட்டு அதே இடத்தில் அதே வடிவில் மீண்டும் கட்டப்பட்டவை. ஆகையால் இந்தக் கணக்குக்கு இடையூறு இல்லை.

ஆயினும் ஒரு மணி நேரம் நடந்தும் இடம் கிடைக்கவில்லை. புகைபோக்கிகள் சரியாக வரும் இடத்தில் கண்ணாடிக் கோபுரம் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. கோபுரம் சரியாக வந்தால் புகைபோக்கிகள் பொருந்தவில்லை. பென்ச்சில் உட்கார்ந்து படத்தை மீண்டும் கையில் எடுத்தேன். இந்த முறை பெரியம்மாவை மறைக்காமல் பார்த்தேன். கோட்டுப் பொத்தான்களைப் போடாமல் நிற்கிறார். உள்ளே புடவை தெரிகிறது. முந்தானை வலது தோளில் கிடக்கிறது.

பெரியம்மா தொண்ணூறு வயது வரை ஒரு நாளும் வலது தோளில் முந்தானை போட்டவரல்லர். ஃபிலிமைப் புரட்டிப் போட்டு அச்சிட்டுவிட்டார்கள். தம்பி மகள் கைப்பேசியில் படத்தை இடவலமாக மாற்றினாள். முந்தானை இடது தோளுக்கு வந்தது, கோபுரமும் புகைபோக்கிகளும் தத்தம் இடத்துக்கு வந்தன. ஐந்தே நிமிடத்தில் அந்த இடத்தில் நின்றிருந்தோம்: புல்வெளியின் ஓரம், ஒரு தாழ்ந்த சுவருக்கு அருகில். அந்த ஆண்டு பனிக்காலம் இங்கிலாந்து மறக்காத ஒன்று. 1962 டிசம்பர் இறுதியில் விழுந்த பனி மார்ச் வரை பல இடங்களில் உருகவே இல்லை. தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவர், ஊரை விட்டு வந்த ஐந்தாம் மாதத்தில், இந்த இடத்தில் கணுக்கால் அளவு பனியில் செருப்பளவே உயரமான ஷூவோடு நின்றிருக்கிறார். நான் அங்கே சற்று நேரம் பேசாமல் நின்றேன்.

எந்த மாடி, எந்தக் கதவு என்பதை நாளை காப்பகத்தில் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்போடு தூங்கப் போகிறேன்.

மூன்றாம் நாள், புதன்

கிளார்க்கன்வெல்லில் உள்ள லண்டன் ஆவணக் காப்பகத்தில் நாள் முழுவதும். எல்.சி.சி.யின் கோப்புகளும் அதன் புகைப்படச் சேகரிப்பும் இங்கேதான் உள்ளன. பேனா கூடாது, பென்சில் மட்டும். பழைய வாக்காளர் பட்டியல்களையும் இங்கே பார்க்கலாம், நமக்கு அவை பெரிய புதையல். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் பிரிட்டனில் வசித்தால் அங்கே வாக்களிக்கலாம் என்பதால், இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 10 அன்று யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்பதைக் குறித்து, மறு பிப்ரவரியில் பட்டியலை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தெரு வாரியாக, கதவு எண் வாரியாக அச்சிட்டிருக்கும்.

முதலில் சர்ச்சில் கார்டன்ஸை எடுத்தேன். 1963-ஆம் ஆண்டுப் பட்டியல். படத்தில் தெரியும் கட்டடம், அதன் இரு பக்கத்துக் கட்டடங்கள், பிறகு வளாகம் முழுவதும். ஒரு பெயர் விடாமல் விரல் வைத்துப் படித்தேன். பெரியப்பா இல்லை. 1964-இலும் இல்லை.

பிறகு கணினியில் பெயர் வைத்துத் தேடினோம். எத்தனை விதமாக எழுத்துக்கூட்டியும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: நம் பெயருக்கு முன் நிற்கும் முதலெழுத்து தகப்பன் பெயர், அங்கே போனால் அதை விரித்துக் குடும்பப் பெயராக்கிவிடுவார்கள். தாத்தாவின் பெயரைப் போட்டோம். உடனே வந்தது. 1963-ஆம் ஆண்டு, பிம்லிகோ, வின்செஸ்டர் தெரு. பெரியப்பாவின் பெயரும் அதன் கீழே பெரியம்மாவின் பெயரும், இரண்டிலும் தாத்தாவின் பெயர் பின்னால் ஒட்டியிருந்தது.

சர்ச்சில் கார்டன்ஸிலிருந்து நடந்து போகும் தூரம்தான் அந்தத் தெரு. ஆனால் அது கவுன்சில் ஃபிளாட் அல்ல. வெள்ளைச் சாந்து பூசிய, விக்டோரியா காலத்து நான்கு மாடித் தனியார் வீடுகள். இன்று விலையை நினைத்தே பார்க்க முடியாத அந்தத் தெருக்கள், அக்காலத்தில் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டவை. பட்டியலே அதைச் சொல்கிறது: அந்த ஒரே கதவு எண்ணுக்குக் கீழே பதினொரு பேர்; பெரியப்பா, பெரியம்மா தவிர எந்த இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இல்லை.

வெளியே வந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்து, அந்தக் குளிர்காலக் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். ‘ஆற்றுக்கு அக்கரையில் மின்சாரம் செய்யும் ஆலையின் வெந்நீர், ஆற்றுக்கு அடியில் குழாய் வழியே வந்து இங்குள்ள வீடுகளைச் சூடாக்குகிறது. பெரிய அதிசயம்.’ இங்குள்ள வீடுகளை என்றுதான் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டை என்று எழுதவே இல்லை. படத்தின் பின்னாலும் ‘நாங்கள் இருக்கும் இடம்’ என்றுதான் உள்ளது. இரண்டு பத்தி தள்ளி, அடுப்புக்கான கேஸ் மீட்டரில் ஷில்லிங் போட்டால்தான் அறை சூடாகும் என்றும், இரவில் நாணயம் தீர்ந்துவிட்டால் கோட்டோடு படுத்துக்கொள்வதாகவும் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை நாங்கள் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. பெரியப்பா பொய் சொல்லவில்லை. கேட்டவர்கள் கேட்க விரும்பியதைக் கேட்டுக்கொண்டோம்.

அந்த அறையின் படம் பெட்டியில் ஒன்றுகூட இல்லாததற்கும் காரணம் புரிந்தது. கவுன்சில் வீட்டுக்குப் பெயர் கொடுக்கவே பல இடங்களில் சில ஆண்டுகள் அந்த வட்டாரத்தில் குடியிருந்திருக்க வேண்டும். அதன் பிறகும் காத்திருப்போர் வரிசை நீளம். தனியார் அறைகளிலோ, நிறத்தவருக்கு இல்லை என்று வெளிப்படையாகவே பலகை மாட்டினார்கள். 1965-இல் வந்த இன உறவுச் சட்டம் வீட்டு வாடகையைத் தொடவில்லை, 1968-இல் வந்த சட்டம்தான் அதைத் தடை செய்தது. இத்தனைக்கும் நடுவில் கிடைத்த ஓர் அறையில், கூரையும் ஈரச் சுவருமாக, ஊருக்கு அனுப்பும்படி எதைப் படமெடுப்பது? ஞாயிற்றுக்கிழமை நல்ல புடவை உடுத்தி, நாலு தெரு தள்ளிப் போய், அழகான புதுக் கட்டடத்தின் முன் நின்று எடுத்துக்கொண்டார்கள். 10-2-63 என்ன கிழமை என்று அங்கேயே பார்த்தேன். ஞாயிறுதான்.

பிற்பகலில் இரண்டாம் படம். இதில் ஒரு பெயர்ப்பலகையின் வலது பாதி மட்டும் சட்டகத்துக்குள் இருக்கிறது: ‘…கல்பி ஹவுஸ்’. கட்டட வகை ஐயமில்லாமல் போர்களுக்கு இடைப்பட்ட காலத்து எல்.சி.சி. பாணி: ஐந்து மாடி, லிஃப்ட் இல்லை, தெருப்பக்கம் ஒழுங்கான ஜன்னல் வரிசை, முற்றத்துப் பக்கம் மாடிக்கு ஒரு நீண்ட தாழ்வாரம், அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு. லண்டன் முழுவதும் இப்படி நூற்றுக்கணக்கில் உண்டு. ஆனால் எல்.சி.சி. கட்டடங்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரு வழக்கத்தைப் பின்பற்றியது. பல எஸ்டேட்டுகளில் ஒரே வகைப் பெயர்கள்தான். ஷோர்டிச்சில் 1900-இல் திறக்கப்பட்ட பவுண்டரி எஸ்டேட்டில் தேம்ஸ் கரை ஊர்களின் பெயர்கள். அப்படியானால் கல்பி என்று முடியும் பெயர் எந்த வரிசையில் வரும் என்று கேட்டதும், எதிரே இருந்த காப்பக ஊழியர் தலையை நிமிர்த்தாமலே “நிக்கல்பி” என்றார். சார்லஸ் டிக்கன்ஸின் கதைமாந்தர் பெயர்களைத் தாங்கிய டிக்கன்ஸ் எஸ்டேட், பெர்மண்ட்சி. பிஸ்கட் ஆலை இருந்த அதே பெர்மண்ட்சி.

1964-ஆம் ஆண்டுப் பட்டியலில் நிக்கல்பி ஹவுஸ் முழுவதையும் பார்த்தேன். அங்கேயும் பெரியப்பா இல்லை. இந்த முறை எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

நான்காம் நாள், வியாழன்

பெர்மண்ட்சி நிலையத்திலிருந்து ஜமைக்கா ரோடு வழியே நடந்தோம். காப்பர்ஃபீல்டு, பிக்விக் என்று கட்டடப் பெயர்களைப் படித்துக்கொண்டே போய் நிக்கல்பி ஹவுஸ் முன் நின்றபோது, பலகையின் வலது பாதியை மட்டும் கையால் மறைக்காமல் விட்டுப் பார்த்தேன். மாற்றிவிட்ட பலகைதான், எழுத்து வேறு. ஆனால் பெயர் அதேதான்.

முற்றத்துக்குள் போகப் பூட்டிய கதவு. தயங்கி நின்றோம். மளிகைப் பையோடு வந்த ஒரு மூதாட்டி என்ன வேண்டும் என்று கேட்டார். படத்தைக் காட்டினேன். பையைத் தரையில் வைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இங்கேயே பிறந்தவர், எழுபத்தெட்டு வயது. அந்தக் குடும்பத்தை அவருக்குத் தெரியவில்லை. ஆனால் எதிர்க்கட்டடத்தின் கூரை விளிம்பு படத்தில் எங்கே வெட்டுகிறது என்பதைப் பார்த்து, “மூணாவது தாழ்வாரம், படிக்கட்டுப் பக்கம்” என்று உடனே சொன்னார். எங்களை மேலே அழைத்தும் போனார்.

நான் ஊரில் பூதக்கண்ணாடி வைத்தும் கவனிக்காத ஒன்றை அவர் காட்டினார். படத்தில் கதவருகே, தரையில், இரண்டு காலிப் பால் குப்பிகள். அவற்றில் ஒன்றின் கழுத்தில் சுருட்டிய ஒரு தாள் செருகப்பட்டிருக்கிறது. மறுநாளைக்குப் பால்காரருக்கு எழுதி வைக்கும் சீட்டு அது. “விருந்தாளி வந்தா கூடுதலா ஒரு பைண்ட் கேட்டு எழுதி வைப்போம்” என்றார். வெள்ளை நூலிழை போல் தெரிந்த அந்தத் தாளைத்தான் நான் படத்தின் கீறல் என்று நினைத்திருந்தேன்.

அந்தக் குடும்பம் பெரியப்பாவோடு ஆலையில் வேலை பார்த்தவருடையதாக இருக்க வேண்டும்; 1964 ஜனவரிக் கடிதத்தில், கூட வேலை செய்பவர் பண்டிகைக்கு வீட்டுக்கு அழைத்து, தங்களுக்கென்று இறைச்சி இல்லாமல் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் தனியாக வேகவைத்துக் கொடுத்தார் என்று பெரியப்பா எழுதியிருக்கிறார். தாழ்வாரத்தின் கைப்பிடிச் சுவரில், பெரியப்பா கை வைத்திருந்த இடத்தில் நானும் கை வைத்துப் பார்த்தேன். மேற்பூச்சு புதிது. சுவரின் உயரம் அவருக்கு இடுப்பளவு, எனக்கு மார்பளவு.

மாலையில் பரோ ஹை ஸ்ட்ரீட்டில் உள்ள சதர்க் என்ற உள்ளாட்சி வட்டாரத்தின் ஆவணக் காப்பகத்துக்குப் போனோம், மூன்றாம் படத்துக்காக. அந்தப் படம் காலத்தைத் தானே சொல்கிறது. காரின் எண் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தில் முடிகிறது. 1974 ஆகஸ்ட் முதல் 1975 ஜூலை வரை பதிவான வண்டிகளுக்கே அந்த எழுத்து. தெருப்பலகையில் சிவப்பில் எஸ்.இ.17 என்ற அஞ்சல் வட்டாரமும் சதர்க் பெயரும் தெரிகின்றன, அதாவது வால்வொர்த். பின்னணியில் செங்கல் ரயில் மேம்பாலமும் அதற்கு மேலே 25 மாடி டிரேப்பர் ஹவுஸும். அந்த இடத்தில், அந்த ஆண்டில், புத்தம்புதுக் கான்கிரீட் வளாகம் என்றால் 1974-இல் கட்டி முடிக்கப்பட்ட ஹேகேட் எஸ்டேட் ஒன்றுதான்.

1975-ஆம் ஆண்டுப் பட்டியல். கிளேடன் என்ற கட்டடம். தாத்தாவின் பெயரோடு இருவரும் இருந்தார்கள். கதவு எண்ணுக்குக் கீழே அவர்கள் இரண்டு பேர் மட்டுமே.

பெரியப்பா கப்பலேறிப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து.

ஐந்தாம் நாள், வெள்ளி

ஹேகேட்டைத் தேடிப் போக முடியாது என்பது நேற்றே தெரியும். 1,200-க்கும் மேற்பட்ட வீடுகள் இருந்த அந்த வளாகத்தை இடிக்க முடிவு செய்து, குடியிருந்தவர்களை வெளியேற்றி, 2011 முதல் 2014 வரை இடித்தார்கள். கடைசியாக எஞ்சியவரை 2013 நவம்பரில் வெளியேற்றினார்கள். நாற்பது ஆண்டு நிற்காத வீடு. இடித்ததற்கு ஆயிரம் காரணம் சொல்கிறார்கள்; கான்கிரீட்டைக் குறை கூறுவது எளிது. அங்கே புதிதாக எழுந்த வீடுகளில் பழைய அளவுக்கு மலிவு வாடகை வீடுகள் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. பதின்மூன்று ஆண்டு காத்திருந்து அப்படி ஒரு வீட்டுக்குள் நுழைந்த இருவரை நான் அறிவேன்.

எலிஃபண்ட் அண்ட் காசில் நிலையத்தில் இறங்கினோம். மின்சார ஆராய்ச்சிக்குப் பெயர்போன விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இந்தப் பகுதியில் பிறந்தவர். அவர் நினைவாக 1961-இல் வைத்த பளபளக்கும் எஃகுப் பெட்டி, சுரங்க ரயிலுக்கான துணை மின்நிலையத்தை உள்ளே வைத்துக்கொண்டு, இன்றும் அங்கேயே நிற்கிறது. ஹேகேட் இருந்த நிலத்தில் இப்போது உயரமான புது அடுக்குமாடிகள், நடுவே ஒரு பூங்கா.

படத்தைப் பிடித்துக்கொண்டு ரயில் மேம்பாலத்தைத் தேடினோம். பல இடங்களில் புதுக் கட்டடங்கள் மறைக்கின்றன. டிரேப்பர் ஹவுஸின் பக்கத்தில், உச்சியில் மூன்று காற்றாலைச் சக்கரங்களோடு 2010-இல் எழுந்த ஸ்ட்ராட்டா கோபுரம் நிற்பதால் திசை மட்டும் தப்பாமல் கிடைத்தது. புகைபோக்கிகளைப் போல் துல்லியமாகச் சொல்ல இங்கே வழியில்லை. பெரியம்மா நின்ற இடம் இந்தப் பூங்காவின் மேற்குப் பக்கத்தில் எங்கோ இருக்கலாம், அல்லது யாரோ ஒருவரின் கீழ்த்தளக் கடைக்குள் இருக்கலாம்.

படத்தில் காருக்குப் பின்னால் ஒரு மரக்கன்று இருக்கிறது. பெரியம்மாவின் தோளுயரம்தான், கழியில் துணி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஹேகேட்டின் கட்டடங்களை இடித்தபோது அங்கே வளர்ந்திருந்த மரங்களில் ஒரு பகுதியை வெட்டாமல் விட்டு, அவற்றைச் சுற்றித்தான் இந்தப் பூங்காவை அமைத்தார்கள். பெரிய மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எது அந்தக் கன்று, அல்லது அது இருக்கிறதா என்பதை இலையில்லாத ஒரு கன்றின் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. தம்பி மகள் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, “இதுவாவே இருக்கட்டும் அத்தை” என்றாள். நான் சம்மதிக்கவில்லை. இவ்வளவு நாள் ஒரு தவறான வீட்டை நம்பி இருந்துவிட்டு, இன்னொன்றைச் சேர்த்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டோம்.

இரவு. நாளை காலை விமானம். மேசையில் படங்களைத் திரும்பப் பரப்பி, மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பின்புறங்களில் எழுதினேன். முதலாவதில் பெரியப்பாவின் வரிக்குக் கீழே: ‘சர்ச்சில் கார்டன்ஸ், பிம்லிகோ. வின்செஸ்டர் தெரு அறையிலிருந்து நடந்து வந்து எடுத்தது. அச்சு இடவலம் மாறியுள்ளது, முந்தானையைப் பார்க்கவும்.’ இரண்டாவதில்: ‘நிக்கல்பி ஹவுஸ், பெர்மண்ட்சி, மூன்றாம் தாழ்வாரம். உடன் வேலை செய்தவர் வீடு. விருந்து.’ மூன்றாவதில்: ‘ஹேகேட் எஸ்டேட், வால்வொர்த். இவர்கள் வீடு, கிளேடன் கட்டடம். இன்று இல்லை.’

நான்காவது படத்தில் ஒரு வாசற்படி, பாதிக் கதவு, கதவுக்கு வெளியே கழற்றி வைத்த ஒரு ஜோடி ஆண் செருப்பு. அதன் பின்புறத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.